நாற்பது வயதில் பல் நகருமா?

மாட்டுச் சந்தைக்குப் போகிறவர் எவரும் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் மாடு பிடிப்பதில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்று பழமொழி இருக்கிறதே, அதன் உட்பொருள் என்ன? விலை கொடுத்து வாங்கும் மாட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பதுதான். மாட்டின் விஷயத்தில் இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கும் நாம், நமது வாய்க்குள் இருக்கும் பற்களை எத்தனை தரம் கண்ணாடியில் நன்றாகப் பார்த்திருக்கிறோம்?

நமது குன்றாண்டார்கோவிலில் குடைவரைக் கோயிலுக்கு முன்னால் ஒரு மண்டபம் இருக்கிறது. குதிரைகள் இழுத்துச் செல்லும் தேரைப் போலச் சக்கரங்களோடு கல்லில் அமைத்த மண்டபம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அந்தக் கற்சக்கரத்தின் அருகில் நின்று படம் பிடித்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை. படம் பிடிப்பவர் "கொஞ்சம் சிரியுங்கள்" என்பார். குழந்தைகள் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கும். பெரியவர்களில் சிலர் உதட்டை இறுக்கிக்கொள்வார்கள். சில ஸ்திரீகளின் கை தானாகவே முந்தானையை வாய்க்குக் கொண்டுபோகும். இதை நாணம் என்று சொல்லிவிடுவது சுலபம். பல பேரிடம் அதற்குக் காரணம் பல்லாக இருக்கும்.

குழந்தைகளுக்குக் கம்பி கட்டிப் பல்லை நேராக்குவது இப்போது யாவருக்கும் தெரிந்த விஷயம். "கிளிப் போட்டிருக்கிறது" என்று கிராமத்திலும் சொல்லுகிறார்கள். நாற்பது வயதானவருக்கும் அது முடியுமா, முடிந்தால்தான் என்ன பிரயோஜனம் என்று நம்மிடம் கேட்டவர்கள் உண்டு. முடியும் என்பது முதற் கேள்விக்கு விடை. பல்லை நகர்த்துவதற்கு வயது ஒரு தடையன்று. ஈறும் எலும்பும் தடையாகக்கூடும். இரண்டாவது கேள்விக்கு ஒரு வார்த்தையில் விடை சொல்ல முடியாது.

பல் வரிசை வேறு, பற்கள் ஒன்றோடொன்று பொருந்துவது வேறு. முத்துக் கோத்தாற்போல் வரிசை இருந்தும் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சேராதவர்கள் இருக்கிறார்கள். ஒரு தெற்றுப்பல் எட்டிப் பார்த்தாலும், மற்றப் பற்களெல்லாம் கச்சிதமாகச் சேர்ந்து கரும்பைக் கடித்துத் துப்புகிறவர்களும் இருக்கிறார்கள். கண்ணாடி முன் நின்று, எச்சிலை விழுங்கி, கடைவாய்ப் பற்கள் தொடும்படி வாயை மூடிக்கொண்டு உதடுகளை மட்டும் விலக்கிப் பாருங்கள். மேல் முன்பற்கள் கீழ்ப் பற்களுக்குச் சற்று முன்னால் நின்று, அவற்றின் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மறைத்திருந்தால் அது இயல்பு. சம்படத்தின் மூடி சம்படத்தின்மேல் கவிந்திருப்பது போல மேல் வரிசை கீழ் வரிசையைச் சுற்றிலும் வெளியிலிருந்து கவிந்திருக்க வேண்டும்.

இந்தக் கவிப்பு பலவிதமாகப் பிசகும். மேற்பற்கள் முன்னுக்கு வந்து உதடு மூடாமல் நிற்பது எடுப்புப் பல். கீழ்த்தாடை முன்னுக்கு வந்து, கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு வெளியே நிற்பது இன்னொரு வகை. மேற்பற்கள் கீழ்ப்பற்களை முழுவதும் மூடிவிட, கீழ்ப்பற்கள் மேலண்ணத்தில் போய்க் குத்துவதும் உண்டு. கடைவாய் சேர்ந்தும் முன்பற்களுக்கு நடுவே சந்து விழுந்திருப்பதும் உண்டு. இப்படிப்பட்ட ஸ்திரீகளுக்குப் பூக்கட்டும்போது வாழைநாரைப் பல்லால் கடித்து அறுக்க வராது, கத்தரிக்கோலைத் தேடுவார்கள். ஏதோ ஒரு பல் மட்டும் உள்ளே போய்க் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டிருப்பதும் உண்டு. அது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு கவளத்துக்கும் அந்த இரண்டு பற்களும் ஒன்றையொன்று இடித்துத் தேய்ந்துகொண்டே இருக்கும்.

இவற்றையெல்லாம் முதன்முதலில் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர். முன்பல்லைப் பார்ப்பதை விட்டு, ஆறு வயதில் முளைக்கும் பெரிய கடைவாய்ப் பல் மேலும் கீழும் எப்படிச் சேருகிறது என்று பார்க்க வேண்டும் என்றார் அவர். அதை வைத்து 1899-இல் அவர் பிரித்த மூன்று வகுப்புகளைத்தான் இன்றும் பல் வைத்தியக் கல்லூரிகளில் முதற்பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பிடிவாதக்காரர். அவருடைய பிடிவாதத்தைப் பற்றிப் பின்னால் சொல்லுவோம்.

நமது பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை இருக்கிறார். அவருக்கு நாற்பத்தொரு வயதானபோது கீழ் முன்பற்கள் மேலண்ணத்தில் குத்திப் புண்ணாக்க ஆரம்பித்தன. சூடான காப்பி குடித்தால் கண்ணில் நீர் வரும். மேற்பற்களுக்குப் பின்புறம் ஈறு தேய்ந்து, பல் துலக்கும்போது இரத்தம் கசிந்தது. வைத்தியர் பார்த்துவிட்டு, "இப்படியே விட்டால் சில வருஷங்களில் மேற்பற்கள் ஆட ஆரம்பிக்கும். கம்பி கட்டிக் கடிப்பைத் தூக்கவேண்டும்" என்றார். இவர் வீட்டுக்கு வந்து சொன்னபோது மாமியார், "பெண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கிற வயசிலே உனக்குப் பல்லுக்குக் கம்பியா? ஊரு சிரிக்காது?" என்றாராம். கணவர் நல்லவர். அவர் கேட்டது, "ஏம்மா, வலிக்கு மாத்திரை ஏதும் தரமாட்டாங்களா?" என்பதுதான்.

அந்த வீட்டில் யாரையும் குறை சொல்லுவதற்கில்லை. கம்பி என்றால் அழகுக்கு என்று ஊரெல்லாம் நினைக்கிறபோது மாமியார் மட்டும் வேறு எப்படி நினைப்பார்? மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்ட ஐம்பது வயதுக்காரரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. வாயில் கம்பி மின்னினால் மட்டும் சிரிக்கிறார்கள். ஆசிரியை ஒரு வருஷம் தள்ளிப் போட்டார். அந்த ஒரு வருஷத்தில் மேற்பற்கள் இரண்டுக்கு நடுவே இடைவெளி விழுந்தது. அதைக் கண்ட பிறகுதான் மாமியாரே, "சரி, போய் என்னன்னு பாத்துட்டு வா" என்றாராம்.

முளைத்து வேரூன்றி முப்பது வருஷமான பல் எப்படி நகரும் என்று சந்தேகம் எழுவது இயற்கை. சுவரில் அடித்த ஆணியைப் போல் பல் எலும்பில் அறைந்து கிடக்கவில்லை. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே, கால் மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கயிற்றுக் கட்டிலில் படுத்தவனைப் போலப் பல் அந்த நார்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பல்லை ஒரு பக்கமாக மெதுவாகவும் விடாமலும் தள்ளினால், தள்ளும் பக்கத்தில் நார் நசுங்குகிறது, மறுபக்கத்தில் இழுபடுகிறது. நசுங்கிய பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் ஜீவ அணுக்கள் வந்து சேருகின்றன. இழுபட்ட பக்கத்தில் எலும்பைக் கட்டும் அணுக்கள் வேலை செய்கின்றன. முன்னால் சுவரை இடித்து, பின்னால் சுவரைக் கட்டிக்கொண்டு பல் நகருகிறது! கார்ல் சாண்ட்ஸ்டெட் என்ற ஸ்வீடன் தேசத்து வைத்தியர் நாய்களின் பற்களை வைத்துப் பரிசோதித்து 1904-இல் இதை எழுதினார். ஒரு மாதத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தூரம் நகர்ந்தால் அது நல்ல வேகம்.

அவசரப்பட்டு அதிக பலத்தோடு தள்ளினால் என்ன ஆகும்? நாரில் இரத்த ஓட்டம் நின்றுவிடும். பல் நகருவதற்குப் பதிலாக நின்றுபோகும். வேர் நுனி கரைந்து குட்டையாகும் அபாயமும் கூடும். ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் முடித்துத் தருகிறோம் என்கிறவர்களிடம் ஏன் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

எலும்பு இவ்வாறு கரைவதும் கட்டுவதும் உயிர் உள்ளவரை நடக்கும் காரியம். ஆகையால்தான் நாற்பதிலும் அறுபதிலும் பல் நகருகிறது. ஆனால் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதில் தாடையே வளர்ந்துகொண்டிருக்கிறது. வளருகிற கொடியைப் பந்தலில் திருப்பிவிடுவது போல அதைத் திருப்பிவிடலாம். பெரியவருக்குத் தாடை வளர்ந்து நின்றுவிட்டது. அங்கே பல்லை மட்டுந்தான் நகர்த்தலாம். தாடையே பிசகியிருந்தால் வேறு உபாயம் தேடவேண்டும்.

இன்னொரு வித்தியாசத்தை நாம் அதைவிட முக்கியமாகக் கருதுகிறோம். பெரியவர்களின் ஈறு குழந்தைகளின் ஈறு போல் இருப்பதில்லை. பல்லில் காறை படிந்து ஈறு வீங்கி, அடியில் எலும்பு சிறிது சிறிதாக அரித்துப்போயிருக்கும். நமது ஜில்லாவில் வெற்றிலை பாக்கோடு புகையிலையும் போட்டுப் பழகியவர்களிடம் இது அதிகம். பாக்கை ஓயாமல் மென்றவர்களில் சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி வாயே முழுதும் திறக்காது; அவர்கள் அதற்குத்தான் முதலில் வைத்தியம் பார்க்க வேண்டும். ஈற்றில் நோய் இருக்கும்போது பல்லை நகர்த்தினால், இருக்கிற எலும்பும் வேகமாகப் போய்விடும். முதலில் காறை எடுத்து, ஈற்றை ஆற்றி, அப்படியே ஆறியிருக்கிறதா என்று சில மாதம் பார்த்துவிட்டுத்தான் கம்பியைப் பற்றிப் பேசலாம். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். எலும்பு தேய்வதற்கு மருந்து சாப்பிடுகிற ஸ்திரீகள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அம்மருந்துகளில் சில, எலும்பு கரைவதைத் தடுத்துப் பல்லை நகரவிடாமலும் செய்யும்.

"சின்ன வயசில் பல் நன்றாகத்தான் இருந்தது, இப்போதுதான் பிரிந்துவிட்டது" என்று சொல்லுகிறவர்கள் அநேகர். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: கடைவாய்ப் பல் எதையாவது பிடுங்கினார்களா? சொத்தையான கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடுவது நம் ஊர்களில் சகஜம். வெளியே தெரியாத பல்தானே என்று நினைக்கிறோம். பக்கத்துப் பல் அந்தப் பள்ளத்தை நோக்கிச் சாய்கிறது. எதிர்ப்பல் தாங்குவாரில்லாமல் இறங்குகிறது. கடைவாயின் தாங்குதல் போனதும் மெல்லும் பாரம் முன்பற்கள்மேல் விழுந்து, அவை முன்னுக்குச் சாய்ந்து விசிறி போல் விரிகின்றன. இருபது வருஷத்துக்கு முன் பிடுங்கிய பல்லுக்கு இன்று முன்பல் வட்டி கட்டுகிறது.

பற்கள் இப்படி நெருக்கடியாக முளைப்பதற்கே நமது சாப்பாடு காரணமோ என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. ராபர்ட் கொருச்சினி என்ற அமெரிக்க மானிடவியலார் 1980-களில் சண்டிகர் நகரத்துப் பிள்ளைகளையும் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். மிருதுவான உணவு உண்ட நகரத்துப் பிள்ளைகளிடம் கடிப்புப் பிசகு அதிகமாக இருந்தது. நன்றாக மென்றால் தாடை அகலமாக வளரும் என்பது அவர் கட்சி. பரம்பரையும் விரல் சூப்புவதும் வாயால் மூச்சு விடுவதும் இதில் சேரும். ஒன்றை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. எப்படியாயினும் நாற்பது வயதுக்காரர் இனிமேல் கம்பங்கூழும் கடலையும் தின்று தாடையை வளர்த்துக்கொள்ள வழியில்லை.

அவருக்கு இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

எல்லாவற்றிலும் பழமையானதும் இன்றும் அதிகக் காரியம் செய்வதும் கம்பிதான். பாரிஸில் இருந்த பியேர் ஃபோஷார் என்ற வைத்தியர் 1728-இல் எழுதிய பெரிய நூலில், வளைந்த உலோகத் தகட்டில் பற்களை நூலால் கட்டி இழுக்கும் முறையைச் சொல்லியிருக்கிறார். ஆங்கிள் காலத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் உலக்கைக்குப் பூண் போடுவது போலப் பூண் போட்டு, அதில் கம்பியை மாட்டினார்கள். வாய் முழுவதும் உலோகமாக இருக்கும். 1955-இல் மைக்கேல் புவோனகோர் என்பவர், பல்லின் மேற்பரப்பை மெல்லிய அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் அதில் ஒட்டிக்கொள்ளும் என்று கண்டுபிடித்தார். பூண் போய்ப் பொட்டு வந்தது. இப்போது பல்லின் நடுவில் சிறு பொட்டுப் போன்ற கொக்கியை ஒட்டி, அதன் வழியே கம்பியைச் செலுத்துகிறார்கள்.

கம்பிக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆராய்ச்சி சாலையில் நிக்கலும் டைட்டேனியமும் கலந்து ஓர் உலோகம் செய்தார்கள். எப்படி வளைத்தாலும் பழைய உருவத்தை நினைவில் வைத்துக்கொண்டு திரும்பிவிடும் உலோகம் அது. ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் என்ற பல் வைத்தியர் 1970-களின் தொடக்கத்தில் அதைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். கோணல் பல்லில் மாட்டிய கம்பி, தான் நேராக வேண்டும் என்று முனையும்போது பல்லையும் மெதுவாகக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. போருக்காக வேலை செய்த இடத்தில் பிறந்த உலோகம் இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாயில் இருக்கிறது!

உலோகம் தெரிவதை விரும்பாதவர்களுக்குப் பல் நிறத்திலேயே பீங்கான் பொட்டுகள் கிடைக்கின்றன. அவை சற்றுப் பெரியவை, சுலபத்தில் உடையும், விலையும் அதிகம். கீழ்ப்பற்களை மேற்பற்கள் அழுந்த மூடும் கடிப்புக்காரர்கள் கீழ் வரிசையில் அவற்றைப் போடாமலிருப்பது நல்லது. பீங்கான் பல்லைவிடக் கடினமானதால் எதிரே இடிக்கும் மேற்பல்லை அராவிவிடும். பல்லின் உட்புறத்தில், நாக்குப் பக்கமாகக் கம்பி கட்டும் முறை ஒன்றும் 1970-களில் வந்தது. ஜப்பானில் கின்யா ஃபுஜிதாவும் அமெரிக்காவில் கிரேவன் கர்ஸும் தனித்தனியே அதில் ஈடுபட்டார்கள். வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் நாக்கு உரசிப் புண்ணாகும். சில வாரம் பேச்சு குழறும். வகுப்பில் நின்று நாள் முழுவதும் பேசிப் பிழைக்கும் நம் போன்றவர்களுக்கு அதை நாம் சிபாரிசு செய்யமாட்டோம்.

இக்காலத்தில் பெரியவர்கள் அதிகமாகக் கேட்பது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைகளைத்தான். 1997-இல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து மாணவர் இருவர் இதற்கான கம்பெனியைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர், வயதுவந்த பிறகு பல்லுக்குக் கம்பி போட்டு அவதிப்பட்டவர். வாயை அளவெடுத்து, பல் கடைசியில் எங்கே நிற்கவேண்டும் என்று கம்ப்யூட்டரில் தீர்மானித்து, அதுவரை போகும் வழியைப் பல படிகளாக வெட்டி, படிக்கு ஓர் உறை செய்கிறார்கள். ஓர் உறை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நகர்த்தும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் கழற்றலாம் என்பது பெரிய சௌகரியம். கழற்ற முடியும் என்பதே அதன் பெரிய ஆபத்தும் ஆகும். நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருந்தால்தான் வேலை செய்யும். நம் வீடுகளில் காலைக் காப்பி, பதினோரு மணிக் காப்பி, மத்தியான்னச் சாப்பாடு, மாலைப் பலகாரம், இரவுச் சாப்பாடு, நடுவில் யாராவது வந்தால் இன்னொரு காப்பி! ஒவ்வொன்றுக்கும் கழற்றி, வாய் கொப்பளித்து, மறுபடி மாட்டுவேன் என்று உறுதி உள்ளவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். சிறு இடைவெளிக்கும் லேசான நெருக்கத்துக்கும் அது நன்றாக உதவும். கடிப்பே பெரிதாகப் பிசகியிருந்தாலும், பல் பிடுங்கிய இடைவெளியை மூடவேண்டியிருந்தாலும் கம்பியின் பிடி அதற்கு வருவதில்லை.

வைத்தியர் முகத்தையே பார்க்காமல் தபாலில் இந்த உறைகளை வரவழைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்காவில் ஒரு கம்பெனி 2014-இல் வியாபாரம் தொடங்கியது. அதன் பெயர் ஸ்மைல்டைரக்ட்கிளப். 2023 டிசம்பரில் அது திடீரென்று கடையை மூடிவிட்டது. பாதி நகர்ந்த பற்களோடு நின்ற ஜனங்கள் யாரைப் போய்க் கேட்பார்கள்? எக்ஸ்ரே எடுத்து வேரையும் எலும்பையும் பார்க்காமல் பல்லை நகர்த்துவது, அஸ்திவாரம் பார்க்காமல் மாடி எடுப்பது போலத்தான்.

இனி அந்தச் சண்டைக்கு வருவோம். வாயில் இடம் போதாமல் பல் நெருக்கியிருந்தால், நல்ல பற்கள் சிலவற்றைப் பிடுங்கி இடம் உண்டாக்கலாமா? கூடவே கூடாது என்றார் ஆங்கிள். கடவுள் கொடுத்த பல் அத்தனையும் வாயில் நிற்கவேண்டும், தாடை அதற்குத் தக விரிந்துகொள்ளும் என்பது அவர் சித்தாந்தம். கால்வின் கேஸ் என்பவர் 1911-இல் இதை மறுத்துச் சபையில் வாதாடினார். ஆங்கிள் கட்சிதான் வென்றது. ஆனால் ஆங்கிளின் அருமைச் சிஷ்யர்களில் ஒருவரான சார்லஸ் ட்வீட், குருவின் முறைப்படி நேராக்கிய பற்கள் சில வருஷத்தில் மறுபடி கலைவதைக் கண்டார். அந்த நோயாளிகளையே மறுபடி கூப்பிட்டு, கோரைப்பல்லுக்குப் பின்னால் உள்ள சிறிய கடைவாய்ப் பற்கள் நான்கை எடுத்துவிட்டு, கூலி வாங்காமல் திரும்பவும் சிகிச்சை செய்தார். 1940-இல் அப்படிப்பட்ட நூறு பேரின் அச்சுகளைச் சபைக்கு முன் வைத்தார். குரு அப்போது உயிரோடு இல்லை.

இன்று இரண்டு கட்சியும் சமாதானமாகிவிட்டன. ஒருவருக்குப் பிடுங்க வேண்டியிருக்கும், ஒருவருக்கு வேண்டியதில்லை. சிறிது இடம் போதுமென்றால், பற்களின் பக்கவாட்டில் தலைமயிர்க் கனம் அராவி இடம் செய்கிறார்கள். உதடு மூடாத அளவுக்கு எடுப்பான பல் உள்ள பெரியவருக்குப் பெரும்பாலும் பிடுங்காமல் தீராது. நல்ல பல்லைப் பிடுங்குகிறாரே என்று வைத்தியர்மேல் சந்தேகப்பட வேண்டாம். ஏன் பிடுங்குகிறார், பிடுங்காவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். விளக்கமாகச் சொல்லாதவரை விட்டு இன்னொருவரிடம் போகலாம்.

இடம் செய்தபின் முன்பல்லைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். எதைப் பிடித்து இழுப்பது? கிணற்றில் வாளி இழுப்பவன் காலை ஊன்றிக்கொள்ளாவிட்டால் வாளி அவனை இழுக்கும். முன்பல்லை இழுக்கும்போது பிடியாக நிற்கும் கடைவாய்ப் பல் முன்னுக்கு வந்துவிடும். இதற்கு ரியூஸோ கனோமி என்ற ஜப்பானியர் 1997-இல் ஒரு வழி எழுதினார். மிகச் சிறிய உலோகத் திருகாணி ஒன்றைத் தாடையெலும்பில் முடுக்கி, அதையே முளைக்குச்சியாக வைத்து இழுப்பது. கேட்கப் பயமாயிருக்கும். மரத்துப்போகும் ஊசி போட்டுச் சில நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடுகிறார்கள். கடைவாய்ப் பல்லை இழந்து, ஊன்றிக்கொள்ள இடமில்லாமல் இருக்கும் நடுவயதுக்காரர்களுக்கு இந்தத் திருகாணி பேருதவி.

தாடையே பிசகியிருந்தால் கம்பியால் மட்டும் ஆகாது. கீழ்த்தாடையை இருபுறமும் பிளந்து, முன்னோ பின்னோ நகர்த்திப் பொருத்தும் அறுவை முறையை ஆஸ்திரியரான ஹூகோ ஓப்வெகெசர் 1950-களில் வகுத்தார். வாய்க்குள்ளிருந்தே செய்வதால் முகத்தில் வடு விழுவதில்லை. டைட்டேனியத் தகடுகளால் எலும்பை இணைக்கிறார்கள். அறுவைக்கு முன் பல மாதமும் பின் சில மாதமும் கம்பி இருக்கவேண்டும். கீழுதடு சிறிது காலம் மரத்திருக்கும். சிலருக்கு அது முழுவதும் தீராது. இதைச் செய்துகொள்ளும் முன் ஒருமுறைக்கு நாலுமுறை யோசிக்க வேண்டும். மெல்லவும் பேசவும் முடியாமல் அவதிப்படுகிறவர்கள் யோசித்துவிட்டுச் செய்துகொள்ளவும் வேண்டும்.

ஆசிரியைக்கு அறுவை வேண்டியிருக்கவில்லை. முதல் மூன்று மாதம் ஈற்றுக்கே வைத்தியம். பிறகு கம்பி. கீழ்ப்பல் அண்ணத்தில் இடிக்காமலிருக்க மேற்பற்களுக்குப் பின்னால் சிறு மேடை ஒன்றும் வைத்தார்கள். முதல் வாரம் இட்லியைக்கூட ரசத்தில் ஊறவைத்துத்தான் சாப்பிட்டார். கம்பி உரசும் இடத்தில் மெழுகு வைத்துக்கொண்டு வகுப்பெடுத்தார். பிள்ளைகள் இரண்டு நாள் உற்றுப் பார்த்துவிட்டு மறந்துவிட்டன. ஊரும் அதற்குமேல் சிரிக்கவில்லை. மொத்தம் இருபத்தாறு மாதம் பிடித்தது. அண்ணத்துப் புண் ஆறிற்று. முன்பற்களுக்கு நடுவே ஈற்றோரத்தில் மட்டும் ஒரு சிறு கறுப்பு முக்கோணம் இருக்கிறது. முன்னமே ஈறு தேய்ந்தவர்களுக்குப் பல் நேரான பின் இப்படி இடைவெளி தெரிவதுண்டு. சிகிச்சை தொடங்கும் முன்னே இதைச் சொல்லிவிடுவது வைத்தியரின் கடமை. கேட்டுக்கொள்வது நம் கடமை.

செலவும் அலைச்சலும் சாமானியமல்ல. மாதம் ஒரு முறையாவது போகவேண்டும். நமது பக்கத்திலிருந்து கீரனூர் போய், அங்கிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினால் அந்த நாள் போயிற்று. இரண்டு வருஷத்துக்கு இப்படிப் போக முடியுமா என்று கணக்குப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். நடுவில் நிறுத்திய கம்பி, கட்டாத கம்பியைவிடக் கெடுதல். நமக்குத் தெரிந்த ஒருவர், விலை குறைவு என்று எங்கோ ஓரிடத்தில் கம்பி கட்டிக்கொண்டு, வேலை மாற்றலில் போனவர் ஒரு வருஷம் எங்கும் காட்டவில்லை. பொட்டைச் சுற்றி அழுக்கு சேர்ந்து நாலு பல் சொத்தையாயிற்று.

நமது தேசத்தில் பல் வைத்தியக் கல்வி 1920-இல் கல்கத்தாவில் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது தொடங்கிய கல்லூரியோடு ஆரம்பித்தது. சென்னையில் அரசாங்கப் பல் வைத்தியக் கல்லூரி 1953-இல் வந்தது. அதன் பின் எழுபது வருஷம் காத்திருந்து, 2023-இல் புதுக்கோட்டைக்கே ஓர் அரசாங்கப் பல் வைத்தியக் கல்லூரி வந்திருக்கிறது. பற்சீரமைப்பு எல்லாப் பல் வைத்தியக் கல்லூரிகளிலும் ஒரு பாடம். ஆகவே, தனியார் இடத்தில் பணம் கட்டும் முன் அங்கே போய் ஓர் அபிப்பிராயமாவது கேட்டு வருவது புத்திசாலித்தனம். சிக்கலான கடிப்பாயிருந்தால், பி.டி.எஸ். பட்டத்துக்குமேல் பற்சீரமைப்பிலேயே மூன்று வருஷம் படித்து எம்.டி.எஸ். பெற்றவரிடம் போக வேண்டும். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். படித்தவர்கள் வீட்டிலேயே இதைப் பார்ப்பதில்லை.

எல்லாக் கோணலையும் நேராக்க வேண்டியதில்லை. மெல்லுவதற்கும் துலக்குவதற்கும் இடைஞ்சல் இல்லாத தெற்றுப்பல்லைச் சிங்கப்பல், அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொண்டு சந்தோஷமாயிருக்கலாம். தாடைப் பூட்டில் வலி, தலைவலி இவை தீரும் என்று மட்டும் நம்பிக் கம்பி கட்டிக்கொள்ளக் கூடாது; அவ்வலி கடிப்பைத் திருத்துவதால் தீரும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. பல் தேய்கிறது, ஈறு குத்துப்படுகிறது, துலக்க முடியாமல் அழுக்கு சேருகிறது, முன்பல் பிரிந்துகொண்டே போகிறது, சிரிக்கவே மனம் கூசுகிறது: இவற்றில் ஒன்று இருந்தால் வயதைப் பார்க்க வேண்டாம். கடைசியாகச் சொன்னதையும் நாம் அற்பக் காரணமாக நினைக்கவில்லை.

கம்பியைக் கழற்றிய நாளில் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். நகர்ந்த பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ராபர்ட் லிட்டில், சிகிச்சை முடிந்து, தாங்குதகட்டையும் விட்டுப் பத்து வருஷமானவர்களைத் தேடிப் பார்த்து 1981-இல் எழுதினார். மூன்றில் இரண்டு பங்குபேருக்குக் கீழ் முன்பற்கள் மறுபடி நெருக்கிக் கிடந்தன. பெரியவர்களுக்கு, அதிலும் ஈறு தேய்ந்தவர்களுக்கு, இந்த இழுப்பு இன்னும் அதிகம். ஆகையால் பற்களுக்குப் பின்புறம் மெல்லிய கம்பி ஒன்றை நிலையாக ஒட்டிவிடுகிறார்கள். அல்லது இரவில் மாட்டிக்கொள்ளத் தகடு கொடுக்கிறார்கள். எவ்வளவு காலம் என்று கேட்டால், பல் வேண்டும் காலமெல்லாம் என்பதுதான் பதில்.

தகட்டைக் கொதிக்கும் நீரில் போட்டுச் சுத்தம் செய்யாதீர்கள், கோணிப்போகும். பச்சைத் தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். கல்யாண வீட்டில் சாப்பிட உட்காரும்போது அதைக் கழற்றி இலை ஓரத்தில் வைக்கவே வேண்டாம். இலையை எடுக்கிறவர் அதோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். ஒரு சின்ன டப்பியை மடியிலோ பையிலோ எப்போதும் வைத்திருங்கள்.